பகல் தூக்கத்துக்கு அனுமதி

1

போன பனிக்காலத்தில் ஒரு பிற்பகல், டொரண்டோவின் கிழக்குப் பக்கத்தில் நான் வந்த பஸ் கடைசித் தரிப்பிடத்தில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கி, இரண்டாவது வேலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். எழும்ப நினைத்தேன். உடம்பு எழும்பவில்லை.

கால் மரத்துப்போகவில்லை. தலை சுற்றவில்லை. நெஞ்சிலும் வலி இல்லை. இருபது வருஷமாக மற்றவர்களின் உடம்பைப் பார்க்கிற வேலை செய்பவள் நான். இதையெல்லாம் அந்த இருக்கையிலேயே எனக்கு நானே சோதித்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எழும்பத்தான் முடியவில்லை.

தலைப்பாகை கட்டிய ஓட்டுநர் பின்னால் நடந்து வந்தார். "சகோதரி, இதுதான் கடைசி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தி, வெப்பத்தைக் கூட்டிவிட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்து தன் தேநீர்ப் போத்தலைத் திறந்தார். என்ன ஏது என்று கேட்கவே இல்லை. பஸ் திரும்பப் புறப்படும் நேரம் வந்ததும் எழுந்து போய் ஓட்டினார். நான் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினேன். இரண்டாவது வேலைக்கு அன்று போகவில்லை. கனடாவுக்கு வந்த இந்தப் பத்து வருஷத்தில் சொல்லாமல் வேலைக்குப் போகாத நாள் அது ஒன்றுதான்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது நான் நன்றாக இருக்கிறேன். நன்றாக ஆனதற்கு அதிகம் செலவும் ஆகவில்லை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

இங்கே முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறேன். காலையில் ஓர் இல்லம், மாலையில் வேறோர் இல்லம். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, கட்டிலில் திருப்பிப் படுக்க வைப்பது. ஊரில் மருத்துவிச்சியாக இருந்தேன். உலகத்துக்கு வருகிறவர்களை அங்கே கையில் வாங்கினேன், போகிறவர்களை இங்கே கையில் தாங்குகிறேன் என்று என் கணவர் வேடிக்கையாகச் சொல்வார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். தோட்டத்துப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவு விஷயமாக நான் அங்கே போய்வந்தபோதுதான் பழக்கம். அப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கந்தோர்க் கோப்புகளை அறைக்குக் கொண்டுவந்து பார்க்கிற ஆள். இங்கே வாரம் முழுவதும் ஒரு பேக்கரித் தொழிற்சாலை, ஞாயிறு ஒரு கட்டடத்தில் காவல் வேலை.

பஸ்ஸில் நடந்ததை மகள் நிரோஷாவிடம்தான் முதலில் சொன்னேன். பதினான்கு வயது. அவள்தான் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். எனக்கு ஆங்கிலம் வேலைக்குப் போதும். என் உடம்பைப் பற்றிச் சொல்லப் போதாது. அலுப்பு, அசதி, களைப்பு, சோர்வு என்று நான் சொன்ன நாலுக்கும் அவள் ஒரே ஆங்கிலச் சொல்லைத்தான் சொன்னாள்.

மருத்துவர் நிறையக் கேள்வி கேட்டார். இரத்தம் எடுத்தார். அடுத்த வாரம் வரச் சொல்லி, முடிவுகளைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். நிரோஷா யோசித்து யோசித்து மொழிபெயர்த்தாள்.

"அம்மா, நீங்க எரிஞ்சு போயிட்டீங்களாம்."

"எது எரிஞ்சிச்சு? அடுப்ப அணைச்சிட்டுத்தானே வந்தோம்?"

"அடுப்பில்ல அம்மா. நீங்க. முழுசா எரிஞ்சு முடிஞ்சிட்டீங்களாம்."

நான் பயந்துபோய் மருத்துவரைப் பார்க்க, அவர் நிரோஷாவைப் பார்க்க, அவள் தான் சொன்னதை அவருக்கு ஆங்கிலத்தில் விளக்க, மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அந்த அறையில் சிரித்தபோதுதான் நான் சிரித்து எத்தனை காலம் ஆகிவிட்டது என்று தோன்றியது.

வேலையை அளவுக்கு மீறிச் செய்து, உள்ளே எண்ணெய் வற்றிப்போன நிலைக்கு இங்கே அப்படி ஒரு பெயர். இரண்டு வாரம் ஓய்வு எடுங்கள், எங்காவது கடற்கரை ஊருக்குப் போய்வாருங்கள் என்றார் மருத்துவர். இரண்டு வாரம் எடுத்தேன். கடற்கரைக்குப் போக வழியில்லை. விடுமுறை கேட்டபோது இல்லத்து அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த பெண், எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். எங்கேயும் வலிக்கவில்லை என்றேன். அப்படியானால் எந்தப் பிரிவில் போடுவது என்று அவளுக்குப் புரியவில்லை. என்னை மூன்று பேருக்கு மாற்றிவிட்டாள். நான்காவது ஆள் திரும்பவும் முதல் பெண்ணிடமே அனுப்பினார். கடைசியில் அவளே அலுத்துப்போய், "எனக்கும் அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு விடுமுறையைப் பதிந்தாள்.

3

வீட்டில் சும்மா இருந்த அந்த நாட்களில், இது எனக்கு முதல் தடவை இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருத்துவிச்சியாக இருந்தேன். தோட்டத்தில் எங்களை 'மிஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே மிஸிக்கு நான்கு டிவிஷன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மலையில். மார்கழி மழையில் பாதை வழுக்கும், அட்டை ஏறும். தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில் பிள்ளை பிறந்து, கையைக் கழுவி முடிப்பதற்குள் அடுத்த மலையிலிருந்து ஆள் வந்து நிற்கும். பிரசவம் கடினமென்றால் தோட்டத்து லாரியில் தாயை ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். திரும்பி வந்தால் தடுப்பூசி, நிறை பார்ப்பது, கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்.

அந்த வருஷம், பிறந்த பிள்ளை அழுதால் எனக்குக் காது வலிக்கத் தொடங்கியது. அந்த அழுகைக்காகத்தானே இந்த வேலைக்கு வந்தேன்? கையைக் கழுவிவிட்டு, கழுவினேனா என்று தெரியாமல் திரும்பக் கழுவுவேன். யாராவது "மிஸி" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் நாலடி நடந்துவிட்டுத்தான் நிற்பேன்.

ஒருநாள் உச்சிவேளை, ஒரு குழந்தைக்குத் தலையில் கொப்புளம் என்று பிள்ளை மடுவத்துக்குப் போனேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. தகரக்கூரை, வரிசையாகத் துணித்தொட்டில்கள், பால் காய்ச்சுகிற வாசம். அதைப் பார்த்துக்கொண்டவள் மல்லிகா. என் வயதுதான், என்னைவிட வாய் அதிகம்.

"அவங்க அம்மா பால் கொடுக்க வர்ற நேரந்தான். இப்பிடி உக்காருங்க மிஸி" என்று பாயைத் தட்டிப் போட்டாள்.

உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு, தவழ்கிற குழந்தை ஒன்று என் வயிற்றில் ஏறி முடியைப் பிடித்து இழுத்ததுதான் நினைவு. கண்ணைத் திறந்தால் தலைக்குக் கீழே மடித்த சாக்கு, மேலே யாருடையதோ போர்வை. பதறி எழுந்தேன்.

"என்ன மல்லிகா, எழுப்பியிருக்கக் கூடாதா?"

"எதுக்கு எழுப்பணும்? கொப்புளத்துக்கு நீங்க போன வாரம் குடுத்த மருந்தையே போட்டு விட்டுட்டேன். வேலைய மேற்பாக்க கண்டக்டரு வந்தாரு, மிஸி இங்க இல்லன்னு சொல்லிட்டேன்."

"பொய் சொன்னியா?"

"நீங்க இங்கயா இருந்தீங்க? கொறட்டையில்ல விட்டுக்கிட்டு இருந்தீங்க."

வெளியே வந்தேன். மழை விட்டிருந்தது. அடுத்த மலைக்கு ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. அன்று மாலை பிறந்த பிள்ளை அழுதது. கேட்க நன்றாக இருந்தது. இதற்கு இவ்வளவுதானா வேண்டியிருந்தது என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அதன் பிறகு மத்தியானத்தில் எந்த டிவிஷனில் இருந்தாலும் அந்தப் பக்கம் நடையைத் திருப்பினேன். குழந்தைகள் தூங்கும் நேரம் நானும் தூங்குவேன். மல்லிகா வாசலில் உட்கார்ந்து காவல்.

4

பெரிய தொரை, அதாவது தோட்டத்து மேலாளர், ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் மடுவத்தைப் பார்வையிட வந்தார். அவர் புதிதாக வந்த சிங்களவர், தமிழ் சுமாராகப் பேசுவார். நான் தொட்டில்களுக்கு நடுவே நல்ல தூக்கத்தில். நடந்ததை மல்லிகா பிறகு சொன்னாள்.

தொரை வாசலில் நின்று என்னையே பார்த்தாராம். "மிஸிக்கு சொகம் இல்லையா?"

"சொகமாத்தான் இருக்காங்க தொர. தூங்குறாங்க."

"வேலை நேரத்திலயா?"

"மெதுவா பேசுங்க தொர. புள்ளைங்க முழிச்சிக்கும்."

அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் பால் அறையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

மறுநாள் காலை என்னை ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். வேலை போனது என்றே நினைத்தேன். அப்பா படுக்கையில் இருந்த காலம். தம்பி படித்துக்கொண்டிருந்தான். வழி நெடுக, மன்னிப்புக் கேட்க வேண்டிய சொற்களைக் கோத்துக்கொண்டே போனேன். மேசைக்கு முன்னால் போய் நின்றதும் வாயில் வந்தது வேறு.

"ரெண்டு பேர் செய்யிற வேலைய ஒருத்தியா செய்யிறேன் தொர. முந்தாநாளும் லாரியில பதுளைக்குப் போயிட்டு விடியத்தான் வந்தேன். புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டுப் போறப்ப நான் கண் அசந்துட்டா என்ன ஆகும்? அதனால மடுவத்துல தூங்குறேன். கொஞ்ச நேரந்தான். வேண்டாம்னா சொல்லுங்க, வேலைய விட்டுர்றேன்."

பக்கத்தில் நின்ற பெரிய கிளாக்கருக்கு முகம் மாறிவிட்டது. தொரை பேனாவை மூடி வைத்தார்.

"நான் சின்ன தொரையாக இருந்த நேரம்," என்றார், "ஜீப்பிலே தூங்கி ஓடைக்குள்ளே போனேன். அன்றைக்கு யாரும் செத்துப்போகவில்லை. சும்மா அதிர்ஷ்டம்." பிறகு என்னைப் பார்த்து, "தூங்குங்க. ஆனா எங்கே தூங்குறீங்கன்னு டிஸ்பென்சரிக்குச் சொல்லிட்டுத் தூங்குங்க. அவசரம்னா கூப்பிடணும்" என்றார்.

அந்தத் துணிச்சலோடேயே இன்னொன்றும் கேட்டேன். பக்கத்துத் தோட்டத்து மிஸியும் நானும், மாதத்தில் ஒரு ஞாயிறு, மாறி மாறி ஒருவருக்காக மற்றவர் இருக்கலாமா என்று. அந்தத் தோட்டத்துத் தொரையோடு பேசிச் சொல்வதாகச் சொன்னார், பேசியும் விட்டார்.

ஆபீஸ் படியில் இறங்கி வந்தேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் சாய்ந்து நின்று தனியாகச் சிரித்தேன். போகிற வழியில் பார்த்த பெண்கள் மிஸிக்குக் கல்யாணம் சரியாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம்.

கிடைத்த முதல் ஞாயிறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மல்லிகாதான் முடிவு செய்தாள். விடியக்காலை பஸ்ஸில் பதுளைக்குப் போய், மூன்றாம் வகுப்பில் எல்ல வரை ரயில். ரொட்டியும் கட்டச் சம்பலும் வாழையிலையில் கட்டிக்கொண்டோம். எல்லவில் இறங்கி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினோம். யாரையும் பார்க்கப் போகவில்லை, எதையும் வாங்கவில்லை. தெமோதரையில் ரயில் ஸ்டேஷனுக்கு அடியில் குகைக்குள் புகுந்து, மலையைச் சுற்றி, மேலே ஏறி அதே ஸ்டேஷனில் வந்து நிற்கும். அந்தக் குகைக்குள் மல்லிகா ஒவ்வொரு தடவையும் கூவுவாள். நானும் கூவுவேன். நான் கல்யாணம் செய்து, நிரோஷா பிறந்து, கனடாவுக்கு வரும் வரைக்கும் அந்த ஞாயிறு எங்களுக்குத் தவறவில்லை.

5

விடுமுறையின் இரண்டாம் வாரம் மல்லிகாவுக்குப் போன் எடுத்தேன். இப்போது பசறையில் இருக்கிறாள். இன்னும் மடுவத்து வேலைதான். நான் பஸ்ஸில் உட்கார்ந்துபோனதைச் சொன்னேன்.

"பகல்ல தூங்குறீங்களா மிஸி?"

"இங்க எங்கடி தூங்குறது? அரை மணி இடைவேளை. அதுலயும் யாரும் உக்காருறதில்ல. நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டு ஓடுறோம்."

"யாரு ஓடச் சொன்னா?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் ஓடச் சொல்லவில்லை. இடைவேளை எங்களுக்கு உரியது என்று சுவரில்கூட ஒட்டியிருக்கிறது.

"நீ எப்பிடி இருக்க?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன. மாசம் ஒருவாட்டி இன்னமும் எல்லக்குப் போறேன். எங்க மாமியாரோட. அது ஜன்னல் சீட்ட விட்டுத் தர மாட்டேங்குது."

திரும்ப வேலைக்குப் போனதும் முதல் வேலையாக மாலை இல்லத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வருகிறேன் என்று சொன்னேன். அவர்கள் சரி என்றார்கள். நான் பயந்த அளவுக்கு அது பெரிய விஷயமாக அவர்களுக்கு இருக்கவில்லை. எங்கள் வீட்டில் சில செலவுகள் குறைந்தன. குறைந்ததில் பாதியை நாங்கள் கவனிக்கவே இல்லை.

காலை இல்லத்தில் ஜமைக்காவிலிருந்து வந்த குளோரியா என்ற பெண் என்னோடு வேலை செய்கிறாள். இடைவேளையில் அவள் எங்கே மறைகிறாள் என்று எனக்கு நீண்ட நாள் புரியாமல் இருந்தது. கேட்டேன். வா என்று வாகனத் தரிப்பிடத்துக்குக் கூட்டிப்போனாள். தன் பழைய காரின் முன் இருக்கைகள் இரண்டையும் பின்னால் சாய்த்தாள். கம்பளி ஒன்று, மணி அடிக்கும் சிறு கடிகாரம் ஒன்று. ஆளுக்கொரு இருக்கை. அவள் கண்ணை மூடினால் மூடியதுதான். எனக்கு முதல் மூன்று நாள் தூக்கம் வரவில்லை, கண்ணாடியில் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. நான்காம் நாள் கடிகாரம் அடித்து, அவள் தோளைத் தட்டித்தான் எழுப்பினாள். மாலையில் வீட்டுக்கு வந்தபோது நிரோஷா என்னிடம் ஏதோ சொன்னாள். நான் முழுவதையும் கேட்டேன். அவள் பாதியில் நிறுத்தி, "என்ன அம்மா, கேட்டுக்கொண்டே இருக்கிறீங்க?" என்றாள்.

6

சனிக்கிழமை ஒன்றில் மத்தியானம் நிரோஷாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். எங்கே போகிறோம் என்றாள். தெரியாது, பஸ் போகும் வரைக்கும் என்றேன். அவளுடைய முகத்தைப் பார்த்தால் மருத்துவரிடம் திரும்பக் கூட்டிப்போக வேண்டுமோ என்று யோசிப்பது போல இருந்தது.

காதில் பாட்டுக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். வீடுகள் குறைந்தன, வெறும் வயல்கள் வந்தன. பனி கரைந்து அங்கங்கே மண் தெரிந்தது. நான் பேச்சுக் கொடுக்கவில்லை. கொஞ்ச காலமாகவே நாங்கள் பேசினால் படிப்பு, நேரம், சாப்பிட்டாயா என்ற மூன்றைத் தாண்டுவதில்லை. கடைசித் தரிப்பிடத்தில் ஒரு டோனட் கடை இருந்தது. ஆளுக்கொன்று வாங்கி வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"அம்மா, ஒன்று கேட்டால் கோவிக்க மாட்டீங்களே?"

"கேளு."

"நானும் ஒன்றை விடட்டுமா?"

அவளுடைய வாரத்தை அப்போதுதான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பாடசாலை முடிந்து கணக்கு வகுப்பு, நடனம், வயலின், சனி காலையில் தமிழ். ஊர்க்காரர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் போகிறார்கள் என்று அனுப்பியது.

"எத விடணும்?"

"வயலின். எனக்கு அதைக் கண்டாலே காது வலிக்குது."

பிறந்த பிள்ளையின் அழுகை கேட்டுக் காது வலித்த நாட்கள் என் நினைவில் வந்தன. விட்டுவிடு என்றேன். இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷத்தில் என் டோனட்டிலும் பாதியைத் தின்றாள். திரும்பி வரும்போது பாதி வழி வரை பேசிக்கொண்டே வந்தாள், ஆங்கிலமும் தமிழுமாக. மீதி வழி என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

7

என் கணவர்தான் இதற்கெல்லாம் அசையாதவர். நான் மாலை வேலையைக் குறைத்ததற்கு அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நானும் மகளும் சனிக்கிழமை போய்வந்ததைச் சொன்னபோது, "பஸ்ஸில போய் டோனட் சாப்பிட்டு வாறதுக்கு ஒரு நாளோ?" என்றார். ஞாயிறு காலை வழக்கம்போலக் காவல்காரச் சீருடையை மாட்டி, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கண்ணுக்குக் கீழே கறுத்து, மெலிந்து வந்தார். சொன்னால் கோபம் வரும். அடுத்ததாக அவர் எந்த பஸ்ஸில் உட்கார்ந்துபோவாரோ என்று எனக்குப் பயம்.

சித்திரை பிறந்த பிறகு ஒரு ஞாயிறு மாலை அவர் வந்தபோது நான் சமையலறையில் இருந்தேன். முகம் தெளிந்திருந்தது. இரண்டு மூன்று வாரமாகவே அப்படித்தான் இருந்தது. வெயில் வந்ததால் என்று நினைத்திருந்தேன். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"என்னப்பா, ஒரு விசயம் சொல்லவேணும்."

"என்னங்க?"

"நான் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டிட்டன்."

அடுப்பைக் குறைத்தேன். "எப்ப?"

"போன மாதம்."

"போன மாசமா? அப்ப ஒவ்வொரு ஞாயிறும் யூனிபோர்ம் போட்டுக்கிட்டு எங்க போனீங்க?"

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். "நீ வேலையைக் குறைச்ச நேரம் பார்த்து நானும் விட்டிட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? அதுதான் வெளிக்கிட்டுப் போனன்."

"எங்கன்னு கேக்குறேன்."

"நூலகத்துக்கு. அங்க மூலையில, ஜன்னலுக்குப் பக்கத்தில ஒரு மெத்தைக் கதிரை இருக்கு. முதல் நாள் பேப்பர் வாசிப்பம் எண்டுதான் இருந்தனான். நித்திரையாப் போனன். எழும்பினா நேரம் பின்னேரம்." சீருடையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். "ஒருத்தரும் எழுப்பேல்லையப்பா. அங்க வேலை செய்யிற பிள்ளை ஒண்டு, வெயில் முகத்தில படுது எண்டு திரையை இழுத்து விட்டிருந்தது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்தால் அவருக்கும் வந்துகொண்டிருந்தது. மேல்மாடியிலிருந்து நிரோஷா என்ன சத்தம் என்று கேட்டாள். நான் அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, அந்தக் கதிரை எந்தப் பக்கத்து மூலையில் இருக்கிறது, பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டேன்.